அசைவு இருக்கைக்குக் குறைந்த செலவில் மோட்டார் கட்டுப்பாடு

குமரி மாவட்டம் கருங்கலைச் சேர்ந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கணினியில் கார்ப் பந்தய விளையாட்டு ஓடும்போது அதற்கேற்ப முன்பின்னாகவும் இடவலமாகவும் சாயும் இருக்கை ஒன்றை அவர் செய்துவருகிறார். இரும்புச் சட்டம் முடிந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடையிலிருந்து இரண்டு பழைய கார் வைப்பர் மோட்டார்களை வாங்கி வைத்திருக்கிறார். அவற்றை இயக்க எல்298என் என்ற சிவப்பு டிரைவர் மாட்யூல் (கட்டளைக்கேற்ப மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சிறு பலகை) போதுமா, பழைய கணினியிலிருந்து கழற்றிய எஸ்எம்பிஎஸ் என்ற மின்சப்ளைப் பெட்டி போதுமா, இதை எவ்வளவு மலிவாக முடிக்கலாம் என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, எல்298என் போதாது. அந்த எஸ்எம்பிஎஸ் மட்டும் தனியாக இருந்தாலும் போதாது. ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் செலவு ஆகாது. வீட்டில் செய்யும் இத்தகைய இருக்கைகளில் கருகிப்போகும் மாட்யூல்களில் பெரும்பாலானவை, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கருகுவதில்லை. ஒரு திசையில் வேகமாகச் சுழலும் மோட்டாரை எதிர்த்திசைக்குத் திருப்பச் சொல்லும் அந்த ஒரு நொடியில்தான் கருகுகின்றன. பந்தய விளையாட்டில் அப்படித் திருப்பும் வேலை நிமிடத்துக்கு எத்தனையோ முறை நடக்கும். ஆகவே டிரைவர், மின்சப்ளை, பியூஸ், நிரல் ஆகிய நான்கையும் அந்த நொடியை மனத்தில் வைத்து அமைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் இந்தச் சுற்று எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டிலிருந்து வண்டியின் அசைவுத் தகவலை எடுத்து, ஒவ்வொரு மோட்டாரும் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு, யூஎஸ்பி வழியாக ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்கு அனுப்பும் வேலையைச் சிம்டூல்ஸ் போன்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஆர்டுயினோ அந்தக் கோணத்தையும், மோட்டாரின் அச்சில் பொருத்திய பொட்டென்ஷியோமீட்டர் (திருகத் திருக மின்தடை மாறும் உறுப்பு) காட்டும் உண்மையான கோணத்தையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையும் திசையில் மோட்டாரைச் சுழற்றுகிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகும்போது நாம் பார்க்கும் காற்றாலைகளில், இறகின் கோணத்தைக் காற்றுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் புதிய வகைகளின் மையப்பகுதிக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது: கட்டளைக் கோணம் ஒன்று, அளந்த கோணம் ஒன்று, இடையில் ஒரு மோட்டார். அவற்றில் மின்மோட்டாரால் இறகைத் திருப்பும் வகைகள், கிரிட் மின்சாரம் போனாலும் இறகைப் பாதுகாப்பான கோணத்துக்குக் கொண்டுவருவதற்காக உள்ளேயே பேட்டரியோ பெரிய கெபாசிட்டரோ வைத்திருக்கும். நம் இருக்கைக்கும் பேட்டரி வேண்டும் என்று பின்னால் சொல்லப்போகிறேன், காரணம்தான் வேறு.

எதையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் மோட்டாரை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டை இதற்கு நம்ப வேண்டாம். அரை ஓம் அளவிலான மின்தடையை அது சரியாகக் காட்டாது. 12 வோல்ட் பேட்டரியுடன் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றையும் மோட்டாரையும் தொடராக இணைத்து, மோட்டாரின் அச்சு சுழலாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடும் மின்னோட்டத்தையும் மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டும். 4 ஆம்பியரும் 2 வோல்ட்டும் வந்தால் மின்தடை 0.5 ஓம். அந்த மோட்டார் முழு 12 வோல்ட்டில் சிக்கி நின்றுவிட்டால் 24 ஆம்பியர் இழுக்கும்.

திரும்பும் நொடியில் இதைவிட மோசம். சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் இருப்பதால், முழு வேகத்தில் அதற்குள் ஏறக்குறைய 11 வோல்ட் எதிர் மின்னழுத்தம் உருவாகியிருக்கும். சாதாரணமாக ஓடும்போது அது சப்ளையின் 12 வோல்ட்டை எதிர்த்து நிற்பதால்தான் மின்னோட்டம் குறைவாக இருக்கிறது. சப்ளையின் திசையைத் திடீரென்று மாற்றினால் அந்த 11 வோல்ட் எதிர்ப்பதை விட்டுவிட்டுச் சப்ளையோடு கூட்டுச் சேர்கிறது. 23 வோல்ட்டை 0.5 ஓமால் வகுத்தால் 46 ஆம்பியர். ஓடும்போது 5 ஆம்பியர்கூட இழுக்காத மோட்டார்தான் இது என்பதால், அமீட்டரில் 5 ஆம்பியரைப் பார்த்துவிட்டு 10 ஆம்பியர் டிரைவரை வாங்குபவர்கள் அனைவரும் ஏமாறுகிறார்கள்.

எல்298என் மாட்யூலை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சில்லின் எல்லை ஒரு மோட்டாருக்கு 2 ஆம்பியர். அது பழைய பைபோலார் வகை என்பதால், 2 ஆம்பியர் ஓடும்போது அதற்குள்ளேயே 4.9 வோல்ட் வரை இழந்துபோகலாம்; மோட்டாருக்கு மிஞ்சுவது 7 வோல்ட் சொச்சம். பொம்மைக் கார் செய்வதற்கு அது நல்ல மாட்யூல், உங்கள் இருக்கைக்கு அல்ல. ஐபிடி-2 என்ற பெயரில் விற்கும் மாட்யூலை, மோட்டாருக்கு ஒன்றாக, இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்தான். அதில் இன்பினியான் நிறுவனத்தின் பிடிஎஸ்7960 என்ற அரைப் பிரிட்ஜ் சில்லுகள் இரண்டு இருக்கின்றன; இரண்டும் சேர்ந்தால், மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் எச்-பிரிட்ஜ். மின்னோட்டம் போகும் பாதையின் மொத்த மின்தடை குளிர்ந்த நிலையில் சுமார் 16 மில்லி ஓம் மட்டுமே என்பதால், 10 ஆம்பியரில் அதில் எழும் வெப்பம் 1.6 வாட் அளவில்தான் இருக்கும்.

ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் 43 ஆம்பியரை நம்பி எதையும் கணக்கிட்டுவிடாதீர்கள். அது அந்தச் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தை வெட்டத் தொடங்கும் அளவே தவிர, தொடர்ந்து தாங்கும் அளவு அல்ல. மாட்யூலின் முதுகில் இருக்கும் சிறிய அலுமினியத் தகடும் ஒரு சிறு விசிறியும் இருந்தால், சராசரியாக 10 ஆம்பியர் வரை நிம்மதியாக ஓட்டலாம் என்பது என் அனுபவம். மேலே கணக்கிட்ட 46 ஆம்பியர் அந்த வெட்டும் எல்லையையே தாண்டுகிறது என்பதைக் கவனியுங்கள். அதைக் குறைக்கும் வழி நிரலில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் வைப்பர் மோட்டாரைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் முதல் இருக்கையில் இதனால்தான் இரண்டு மாட்யூல்களை இழந்தேன். ஒரு மோட்டாரை மட்டும் இணைத்தபோது எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது மோட்டாரையும் இணைத்து, இருக்கையை இடப்பக்கமாகச் சாய்க்கச் சொன்ன கணத்தில் இரு மாட்யூல்களிலிருந்தும் புகை வந்தது. காரணம் தெரியாமல் இரண்டு நாள் நிரலைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு மோட்டாரைத் திறந்து பார்த்தபோது, ஒரு கார்பன் பிரஷ்ஷிலிருந்து வரும் செப்புப் பின்னல் எந்தக் கம்பியோடும் சேராமல், பிரஷ் தட்டின் ஓரத்தில் மடங்கி, மோட்டாரின் இரும்பு உடலோடு நேராகப் பற்ற வைக்கப்பட்டிருந்தது. காரில் உடலே நெகட்டிவ் என்பதால் அங்கே அது சரிதான். நாம் எச்-பிரிட்ஜில் இணைக்கும்போது அந்த உடல் ஒரு சமயம் நெகட்டிவ்வாகவும் ஒரு சமயம் பாசிட்டிவ்வாகவும் மாறும். இரண்டு மோட்டார்களையும் ஒரே இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருந்ததால், ஒன்று இடமாகவும் மற்றொன்று வலமாகவும் திரும்பிய கணத்தில் இரு பிரிட்ஜ்களும் சட்டத்தின் வழியாக நேரடியாக மோதிக்கொண்டன.

ஆகவே மோட்டாரைப் பொருத்துவதற்கு முன்னால், அதன் உடலுக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூடியைத் திறந்து, அந்தப் பின்னலை உடலிலிருந்து வெட்டி, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றைப் பற்ற வைத்து, ரப்பர் வளையம் போட்டு வெளியே கொண்டுவர வேண்டும். உள்ளே மூன்று பிரஷ்கள் இருக்கும். நேரெதிராக இருக்கும் இரண்டு மெதுவான வேகத்துக்கானவை. சற்றுக் கோணலாகத் தள்ளி வைத்திருக்கும் மூன்றாவது வேகமான ஓட்டத்துக்கானது. நேரெதிரான இரண்டையே பயன்படுத்துங்கள். மூன்றாவதைப் பயன்படுத்தினால் இரு திசைகளிலும் வேகமும் விசையும் ஒன்றுபோல இருக்காது. நிரலில் என்ன செய்தாலும் இருக்கை ஒரு பக்கம் சோம்பலாகவே திரும்பும். வைப்பரை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் சுவிட்சின் கம்பிகளையும் முழுதாகக் கழற்றிவிடுங்கள்.

இனி மின்சப்ளை. கணினி எஸ்எம்பிஎஸ் ஏன் தனியாகப் போதாது என்றால், மோட்டார் எப்போதும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டே இருப்பதில்லை. வேகம் குறையும்போது திருப்பியும் தருகிறது. வைப்பர் மோட்டாரில் வார்ம் கியர் என்ற திருகுப் பல்சக்கரம் இருப்பதால் இருக்கையின் எடை மோட்டாரைத் தள்ளிச் சுழற்றுவது குறைவு. ஆனால் கியருக்கு முன்னால் மிக வேகமாகச் சுழலும் ஆர்மேச்சர் என்ற உட்பகுதிக்குள்ளேயே ஆற்றல் சேர்ந்திருக்கிறது. வேகத்தை ஓரளவு குறைக்கும்படி கட்டளை வரும்போது பிரிட்ஜும் மோட்டாரின் சுருளும் சேர்ந்து அந்த ஆற்றலைச் சப்ளையின் பக்கமே தள்ளிவிடும். எஸ்எம்பிஎஸ் மின்சாரத்தைத் தரத் தெரிந்தது; வாங்கத் தெரியாதது. அதன் வெளியீட்டு மின்னழுத்தம் எகிறும். கணினி எஸ்எம்பிஎஸ் அதைப் பார்த்துப் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மீண்டும் வரும். விளையாட்டின் நடுவில் இருக்கை திடீரென்று செத்துப்போகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் நடக்கிறது.

பெரிய கெபாசிட்டர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். 4700 மைக்ரோ பாரட் கெபாசிட்டர் ஒன்று 12 வோல்ட்டிலிருந்து 16 வோல்ட்டுக்கு ஏறும்போது ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் கால் ஜூல் அளவுதான். ஒரு கிலோ சர்க்கரையை இரண்டரை சென்டிமீட்டர் தூக்கும் ஆற்றல் அவ்வளவே. ஒவ்வொரு மாட்யூலின் சப்ளை முனைகளிலும் அப்படி ஒரு 35 வோல்ட் கெபாசிட்டர் வேண்டியதுதான், அது வேகமான துடிப்புகளுக்காக. திரும்பி வரும் ஆற்றலை விழுங்குவதற்குப் பேட்டரியே மலிவான வழி. யூபிஎஸ்களில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். திரும்பும் நொடியின் உச்ச மின்னோட்டத்தையும் அதுவே தந்துவிடும் என்பதால் எஸ்எம்பிஎஸ் சராசரி மின்னோட்டத்தை மட்டும் தந்தால் போதுமானது. மின்னழுத்தத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய, எல்இடி விளக்குகளுக்கு விற்கும் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸை 13.2 வோல்ட்டில் வைத்து, அதிலிருந்து பேட்டரிக்குத் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் தடித்த ஷாட்கி டயோடு ஒன்றின் வழியாக இணைத்தால், திரும்பி வரும் மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடவே தொடாது. டயோடில் அரை வோல்ட் இழப்பதால் பேட்டரி 12.7 வோல்ட் அளவில் நிற்கும். அது தேய்ந்துபோகாமல் இருக்க மாதம் ஒருமுறை சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்ற வேண்டும். டயோடு சூடாகும் என்பதால் அதற்கு ஹீட்சிங்க் அவசியம்.

லாரி, பஸ்களிலிருந்து கழற்றிய 24 வோல்ட் மோட்டார் பலமாக இருக்குமே என்று ஆக்கர் கடைக்காரர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். பிடிஎஸ்7960 சில்லு 27.5 வோல்ட் வரையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். 24 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போதே அந்த எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறது. ஒரு முறை பிரேக் போட்டால் தாண்டிவிடும். அதே மோட்டாரை 12 வோல்ட்டில் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு தொல்லையும் இல்லை, ஆனால் இருக்கை மந்தமாக அசையும்.

கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் 10 கிலோ ஓம், நேர்கோட்டு வகையாக, அதாவது பி10கே என்று அச்சிட்டதாக இருக்கட்டும். ஆர்டுயினோ ஊனோ 0 முதல் 1023 வரை படிக்கும். பொட்டென்ஷியோமீட்டரின் முழுச் சுழற்சி 300 டிகிரி. உங்கள் கிராங்க் (மோட்டார் அச்சிலிருந்து இருக்கையைத் தள்ளும் கை) இருபக்கமும் 60 டிகிரி மட்டும் சுழன்றால் 409 படிகள் மட்டுமே கிடைக்கும். பல்சக்கரம் வைத்து இரு மடங்காகச் சுழற்றினால் துல்லியமும் இரு மடங்காகும். குளச்சல், முட்டம் போலக் கடற்கரையை ஒட்டி வீடு இருப்பவர்கள் பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதிலாக ஏஎஸ்5600 என்ற காந்த உணரியைப் பயன்படுத்தலாம். ஒன்றோடொன்று உரசும் பாகம் அதில் இல்லை என்பதால் உப்புக் காற்றால் கெடுவது குறைவு. இரு மோட்டார்களின் காந்த உணரிகளையும் ஐ2சி என்ற ஒரே தகவல் இணைப்பில் போட முடியாது, இரண்டுக்கும் முகவரி ஒன்றே. அனலாக் வெளியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உணரியானாலும் அதன் கம்பி மோட்டார்க் கம்பியோடு சேர்ந்து போகக் கூடாது. முறுக்கிவிட்ட கம்பி இணைப்புகள் நம் மாவட்டத்தின் ஈரக் காற்றில் ஓராண்டுக்குள் பச்சை படிந்துவிடும். வெள்ளீயம் பூசிய லக்கை (கம்பி முனையில் மாட்டும் உலோக இணைப்பான்) அழுத்தி, மேலே சுருங்கும் குழாய் போட்டு மூடுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

ஆர்டுயினோவுக்கான நிரலை நீங்களே எழுத வேண்டியதில்லை. எஸ்எம்சி3 என்ற இலவச நிரல் ஊனோவில் மூன்று மோட்டார்கள் வரை இயக்கும். நீங்களே எழுத விரும்பினால், மாணவர் என்பதால் அதை நான் வரவேற்கிறேன், ஆர்டுயினோவின் முள்களை, அதாவது இணைப்பு முனைகளை, தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஐபிடி-2 ஒவ்வொன்றுக்கும் திசைக்கு ஒன்றாக இரண்டு பிடபிள்யூஎம் முள்கள் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தந்து மோட்டாரின் வேகத்தை மாற்றுபவை) தேவை. முதல் மோட்டாருக்கு 9, 10. இரண்டாவதற்கு 3, 11. முள்கள் 5, 6 ஆகியவற்றின் டைமரே நேரக் கணக்கையும் வைத்திருப்பதால் அவற்றைத் தொடாதீர்கள். வழக்கமான 490 ஹெர்ட்ஸில் மோட்டார் கரகரக்கும். டைமர்களின் வகுத்தியை 8 என்று மாற்றினால் சுமார் 3,900 ஹெர்ட்ஸ் வரும். இன்னும் உயர்த்தினால் சத்தமே கேட்காது என்பது உண்மைதான், ஆனால் வகுத்தியை 1 ஆக வைத்தால் வரும் 31,000 ஹெர்ட்ஸ் இந்தச் சில்லின் 25,000 ஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிவிடும். எல்லைக்குள்ளேயே இருந்தாலும் அதிர்வெண் கூடக் கூடச் சில்லு சூடாகும். மெல்லிய விசில் சத்தத்தோடு குளிர்ந்திருக்கும் சில்லையே நான் விரும்புவேன்.

இப்போது அந்த 46 ஆம்பியருக்கு வருவோம். மில்லி நொடிக்கு ஒருமுறை ஓடும் கட்டுப்பாட்டுச் சுழற்சியில், பிடபிள்யூஎம் மதிப்பு ஒரு முறைக்கு 4-க்கு மேல் மாறக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். முன்பக்கம் முழு வேகமான 255-இலிருந்து பின்பக்கம் 255-க்குப் போக 127 மில்லி நொடி, அதாவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நொடி ஆகும். அந்த இடைவெளியில் மோட்டார் வேகம் குறைந்துவிடுவதால் எதிர் மின்னழுத்தமும் குறைந்து, உச்ச மின்னோட்டம் வெகுவாகத் தணிந்துவிடுகிறது. இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு அந்தத் தாமதம் தெரிவதே இல்லை. நான் கண்டவற்றுள், ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் மாட்யூல்களைக் காப்பாற்றிய மாற்றம் இது ஒன்றுதான். தாமதம் கூடும்போது இருக்கை இலக்கைத் தாண்டி ஊசலாட வாய்ப்புண்டு; கோண வித்தியாசத்தை மோட்டார் வேகமாக மாற்றும் பிஐடி கணக்கில் விகித (பி) மதிப்பைச் சற்றுக் குறைத்து, வேறுபாட்டு (டி) மதிப்பைச் சற்றுக் கூட்டினால் அடங்கிவிடும். கூட்டு (ஐ) மதிப்பைப் பூஜ்யத்துக்கு அருகிலேயே வைத்திருங்கள். இலக்குக்கு இரண்டு மூன்று படிகள் அருகில் வந்துவிட்டால் மோட்டாரை விட்டுவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே முனகிச் சூடாகும்.

மனிதர் அமரும் இருக்கை என்பதால் பாதுகாப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்கம்பிக்கும் தரைக்கும் இடையே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால், நடுக்கம்பியோ 5 வோல்ட் கம்பியோ அறுந்தால் அளவு 0 ஆகும். தரைக் கம்பி அறுந்தால் 1023-ஐ ஒட்டி நிற்கும். 50-க்குக் கீழேயோ 970-க்கு மேலேயோ போனால் இரு மோட்டார்களையும் நிறுத்திவிடும்படி நிரலில் எழுதுங்கள். இல்லையென்றால் கம்பி அறுந்த மோட்டார் இலக்கைத் தேடிச் சட்டத்தை முறிக்கும்வரை ஓடும். கணினி தொடர் இணைப்பைத் திறக்கும்போதெல்லாம் ஊனோ தானாக ரீசெட் ஆகி, ஓரிரு நொடிகள் அதன் முள்கள் அந்தரத்தில் இருக்கும். அப்போது மோட்டார் துள்ளாமல் இருக்க, மாட்யூலை இயங்கவிடும் அனுமதி முள்களைத் தலைக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் தரையோடு இணையுங்கள். அவசர நிறுத்தச் சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது 230 வோல்ட் பக்கத்தை மட்டும் அணைத்தால் பயனில்லை, பேட்டரி தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கும் மாட்யூல்களுக்கும் இடையே 40 ஆம்பியர் கார் ரிலே ஒன்றைப் போட்டு, அந்த ரிலேயின் சுருளை நிறுத்தச் சுவிட்ச் வெட்டும்படியும், அதே அழுத்தத்தில் அனுமதி முள்கள் தரைக்குப் போகும்படியும் செய்யுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் பியூஸும், மோட்டாருக்கு ஒன்றாக 15 ஆம்பியர் பியூஸும் போடுங்கள். கார் பியூஸ் உருகச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் திரும்பும் நொடியின் குறுகிய உச்சத்தைத் தாங்கும். மோட்டார் சிக்கி நின்று 24 ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருந்தால் உருகிவிடும்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது கிராங்கைக் கழற்றிவிட்டு, முன்னர் அளப்பதற்குப் பயன்படுத்திய அதே ஹெட்லைட் பல்பைப் பேட்டரிக்கும் மாட்யூலுக்கும் இடையே தொடராக வைத்துவிடுங்கள். எங்காவது தவறாக இணைத்திருந்தால் மாட்யூலில் புகை வருவதற்குப் பதிலாகப் பல்பு எரியும். மோட்டார் இலக்கை நோக்கிப் போகாமல் விலகி ஓடினால் மோட்டாரின் இரண்டு கம்பிகளை மட்டும் மாற்றிப் போடுங்கள். இரண்டு மோட்டார்களும் சொன்ன கோணத்தில் நிற்கத் தொடங்கிய பிறகே பல்பை எடுத்துவிட்டு, கிராங்கைப் பொருத்தி, இருக்கையில் 50 கிலோ அரிசி மூட்டையை வைத்துக் கட்டி, 20 நிமிடம் விளையாட்டை ஓடவிடுங்கள். நிறுத்தியவுடன் மாட்யூலின் அலுமினியத் தகட்டையும் மோட்டாரின் உடலையும் டயோடையும் தொட்டுப் பாருங்கள். விரலை ஐந்து நொடி வைத்திருக்க முடிந்தால் மூட்டையை இறக்கிவிட்டு நீங்கள் அமரலாம். முடியாவிட்டால் அந்த 4 என்ற எண்ணை 3 ஆக்கி மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.